போதகர்களுக்கு யார் பிரசங்கம் செய்வது?

கேள்வி: இறையியல் கல்லூரிகள் போதகர்களுக்கென ஆண்டுதோறும் சொற்பொழிவு நடத்துகின்றனவே, படித்து முடித்தவர்களுக்கு அதனால் என்ன பயன்?

பதில்: ஞாயிறுதோறும் பேசியே பழகியவர்களை உட்காரவைத்துக் கேட்கவைப்பதே பெரும் பயன்தானே! அமெரிக்காவின் யேல் இறையியல் பள்ளியில் நடக்கும் லைமன் பீச்சர் சொற்பொழிவுகளைப் பாருங்கள். 1871இல் ஹென்றி சேஜ் என்பவர் அளித்த நன்கொடையில் உருவானவை. பேசுபொருள் பிரசங்கக் கலை. முதல் மூன்று ஆண்டுகளும் பேசியவர் லைமனின் மகன் ஹென்றி வார்ட் பீச்சர். (அப்பா பெயரில் அறக்கட்டளை, மகன் பேச்சாளர், நம் ஊராக இருந்தால் முணுமுணுப்பு எழுந்திருக்கும்.) 1957இல் அந்த மேடை ஏறியவர் யாழ்ப்பாணத்துத் தமிழர், மெதடிஸ்ட் போதகர் டி. டி. நைல்ஸ். அவ்வுரைகள் நூலாகவும் வந்தன. மாணவனுக்குத் தோன்றாத கேள்விகள், சபையில் பத்து வருடம் கல்யாணமும் சாவும் சண்டையும் பார்த்தவருக்குத்தான் தோன்றும். அவற்றைக் கேட்க அவருக்கும் ஓர் இடம் வேண்டாமா?