கதவுக்கு வெளியே ஒரு வக்கீல்

அன்புள்ள தங்கைக்கு,

அமெரிக்காவில் ‘செக்யூரிட்டி க்ளியரன்ஸ்’ வழக்குகளை மட்டுமே நடத்தும் வக்கீல்கள் உண்டு என்றதும், அதில் வாதாட என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. அரசு ரகசியத்தைக் கையாளும் அனுமதியை உரிமையாகக் கேட்க யாராலும் முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 1988இல் ஈகன் வழக்கில் சொல்லிவிட்டது.

ஆனாலும் வாதாட இடம் உண்டு. 1954 ஏப்ரலுக்குப் போவோம். வாஷிங்டனில் அணு விஞ்ஞானி ஓப்பன்ஹைமரின் அனுமதி பற்றி விசாரணை. அவருடைய வக்கீல் லாயிட் கேரிசனுக்கே அந்த அனுமதி இல்லை. ரகசிய விஷயம் பேச்சில் வந்தால் எழுந்து வெளியே போக வேண்டும். எதிர்ப்பக்க வக்கீல் ரோஜர் ராபிடம் அனுமதியும் இருந்தது, எஃப்.பி.ஐ. கோப்புகளும் இருந்தன. ஜூன் 29 அன்று அணுசக்தி ஆணையம் 4க்கு 1 என்ற கணக்கில் ஓப்பன்ஹைமரின் அனுமதியைப் பறித்தது. மறுநாளோடு அது தானாகவே முடிந்திருக்கும்! அந்த முடிவை அமெரிக்க எரிசக்தித் துறை ரத்து செய்தது 2022 டிசம்பரில். அதற்குள் அவர் இறந்து 55 ஆண்டுகள் ஓடிவிட்டன.

இந்தத் தொழிலுக்குக் கால் ஊன்ற இடம் கிடைத்தது அத்தனை பெயர் பெறாத ஒருவரால். வில்லியம் கிரீன், கடற்படைக்குப் பொருள் செய்துகொடுத்த நிறுவனத்தின் பொது மேலாளர். ஆண்டுச் சம்பளம் 18,000 டாலர். கம்யூனிஸ்டுகளோடு பழகினார் என்ற புகாரில் 1953இல் அனுமதி போயிற்று, வேலையும் போயிற்று. கட்டட வரைபடம் போடும் வேலைக்கு 4,400 டாலருக்குப் போய்ச் சேர்ந்தார். புகார் சொன்னவர்கள் யார் என்று கடைசிவரை அவருக்குக் காட்டவில்லை. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விடாமல் ஒருவர் பிழைப்பைப் பறிக்க அதிபரோ காங்கிரஸோ அதிகாரம் தரவில்லை என்று 1959இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த பிப்ரவரியில் அதிபர் ஐசனோவர் 10865ஆம் ஆணையில் கையெழுத்திட்டார். ஒப்பந்த நிறுவன ஊழியர்கள் இன்றும் நேரில் விசாரணை கேட்க முடிவது அதனால்தான்.

இப்போதைய வழக்குகளில் உளவாளிகளைத் தேடாதே. கடன், கஞ்சா, குடி, வெளிநாட்டுச் சொந்தம் என்று அன்றாட வாழ்க்கைதான் வழக்காகிறது. அனுமதிக்கான 13 வழிகாட்டு நெறிகளில் ஏதோ ஒன்று இடறினால், பாதுகாப்புத் துறை ஒரு காரண அறிக்கை அனுப்பும். கிரெடிட் கார்டு பாக்கி இவ்வளவு, ஆஸ்பத்திரி பாக்கி இவ்வளவு என்று வரி வரியாக இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் ‘ஒப்புக்கொள்கிறேன்’ அல்லது ‘மறுக்கிறேன்’ என்று 20 நாளுக்குள், சத்தியத்தின் பேரில் பதில் எழுத வேண்டும்.

வக்கீலின் சாமர்த்தியம் தெரிவது இங்கேதான். வேலை போன தேதி என்ன, கடன் ஏறியது அதற்கு முன்பா பின்பா, தவணை கட்டத் தொடங்கியது அறிக்கை வருவதற்கு முன்பா? தன் கையை மீறிய காரணத்தால் கடன் வந்து, பிறகு பொறுப்பாக நடந்துகொண்டிருந்தால் நெறிகளே இடம் கொடுக்கின்றன. ஆனால் ரசீது வேண்டும். மேல்முறையீட்டு வாரியம் புதிய ஆதாரம் எதையும் வாங்காது. விசாரணையில் தராத ரசீது, அந்த வழக்கைப் பொறுத்தவரை இல்லாத ரசீதுதான்.

நூறு பக்கம் தாண்டும் எஸ்.எஃப்.-86 விண்ணப்பப் படிவத்தில் பாக்கியை மறைத்தவருக்கு நிலைமை மோசம். தெரிந்தே பொய் எழுதுவது ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். கட்சிக்காரரைக் கூச்சமில்லாமல் உண்மை பேச வைப்பது எந்த வாதத்தையும்விடக் கடினமான வேலை.

ஃபிராங்க் காமெனியையும் அறிந்துகொள். தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக 1957இல் ராணுவ வரைபடத் துறையிலிருந்து நீக்கப்பட்ட வானியலாளர். சட்டம் படித்தவர் அல்ல. ஆனாலும் அதே காரணத்துக்காக அனுமதி மறுக்கப்பட்டவர்களின் பிரதிநிதியாக விசாரணைகளில் வாதாடினார். அதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று அதிபர் கிளிண்டனின் ஆணை வந்தது 1995இல்.

பாடநூலைத் தேடுமுன் தீர்ப்புகளைப் படி. பெயரை நீக்கிவிட்டு அவற்றைப் பொதுவில் வெளியிடுகிறார்கள். இந்தியாவில் பெற்றோர் இருக்கும் அமெரிக்கக் குடிமக்களின் வழக்குகளும் உண்டு. ஒரே மாதிரி குடும்பநிலை இருந்தும் ஒருவருக்கு அனுமதி கிடைத்து இன்னொருவருக்குக் கிடைக்காத இரண்டு தீர்ப்புகளை எடுத்து, எந்த ஆதாரத்தால் முடிவு வேறுபட்டது என்று குறித்து அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்