இரு சகோதரிகளும் ஒரு பாடலும்

ஆலயத்தில் பாடுகின்றோம், பாடல் முடிந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிடுகின்றோம். பாடலின் அடியில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும் பெயரை நம்மில் எத்தனை பேர் படிக்கின்றோம்? அத்தகைய பெயர் ஒன்றைப் பற்றி இங்கே சிறிது சிந்திப்போம்.

'நியரர், மை காட், டு தீ' என்னும் ஆங்கிலப் பாடலைப் பலரும் கேட்டிருப்போம். தமிழில் சீர்திருத்தச் சபையார் இதனை மொழிபெயர்த்துப் பாடுகின்றனர். 1912இல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது இசைக்குழுவினர் இறுதியாக வாசித்தது இதுவே எனத் தப்பியவர்களில் சிலர் கூறினர்; வேறு சிலர் மறுத்தனர். இதை இயற்றியவர் சாரா ஃபிளவர் ஆடம்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி.

சாரா 1805இல் இங்கிலாந்தின் ஹார்லோ என்னும் ஊரில் பிறந்தார். அவர் தந்தை பெஞ்சமின் ஃபிளவர் ஒரு பத்திரிகையாசிரியர். ஆயர் ஒருவரைக் கண்டித்து எழுதியதற்காக 1799இல் ஆறு மாதம் சிறையில் இருந்தவர். சாராவுக்கு ஐந்து வயதாகும்போதே தாயார் மறைந்தார். சாராவும் மூத்த சகோதரி எலைசாவும் தந்தையிடமே கல்வி கற்றனர். தங்கைக்குக் கவிதை வந்தது. அக்காளுக்கு இசை வந்தது.

இவர்கள் யூனிட்டேரியன் சபையினர். கடவுள் ஒருவரே என்று கூறி, மூவொரு இறைவன் என்னும் மறையுண்மையை ஏற்காத சபை அது. நமது விசுவாசம் வேறு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் சாராவின் உள்ளப் போராட்டம் நமக்கு அந்நியமானதன்று. 1827இல், தம் நம்பிக்கை ஆட்டங்கண்டுவிட்டதை போதகர் ஃபாக்ஸ் என்பவருக்கு ஒரு கடிதத்தில் எழுதிக் கலங்கினார். பின்னர் நாடக மேடையில் நடிக்க முற்பட்டார், உடல்நலம் இடங்கொடுக்கவில்லை.

ஐயமும் நோயும் கண்ட அந்த உள்ளத்திலிருந்தே 1841இல் இப்பாடல் பிறந்தது. ஆதியாகமம் 28ஆம் அதிகாரத்தில், வீட்டைவிட்டு ஓடும் யாக்கோபு கல்லைத் தலையணையாக வைத்துப் படுக்கிறார். விண்ணை எட்டும் ஏணியைக் கனவில் காண்கிறார். துன்பமே இறைவனிடம் ஏறிச் செல்லும் படியாகலாம் என்பதே பாடலின் கருத்து.

இன்னொரு செய்தி நமக்கு வியப்பளிக்கும். அதே 1841இல் சாரா ஒரு நாடகக் காவியத்தையும் வெளியிட்டார். அதன் தலைவி யார் தெரியுமா? 203இல் கார்த்தேஜ் நகரில் வேதசாட்சியாக மரித்த இளந்தாய், புனித பெர்பெத்துவா! திருப்பலியின் முதலாம் நற்கருணை மன்றாட்டில் நாம் கேட்கும் அதே பெயர். அந்தப் புனிதையும் சிறையில் ஒரு கனவு கண்டார். அதிலும் விண்ணுலகை எட்டும் ஏணி ஒன்று இருந்தது.

ஃபாக்ஸ் வெளியிட்ட பாடல் தொகுப்பில் சாராவின் பாடல்கள் பதின்மூன்று. இப்பாடலுக்கு முதலில் இசையமைத்தவர் எலைசாவே. பின்னாளில் அமெரிக்கரான லோவல் மேசன் அமைத்த மெட்டு உலகெங்கும் பரவியது. அக்காளின் மெட்டு மறைந்தது. பாடலில் கிறிஸ்துவின் திருப்பெயர் இல்லையே எனக் குறைகூறி, வேறு வரிகள் சேர்த்தவர்களும் உண்டு.

காசநோய் எலைசாவை 1846இல் கொண்டுபோயிற்று. அக்காளுக்குப் பணிவிடை செய்து தளர்ந்த சாராவும் அதே நோயால் 1848இல், 43ஆம் வயதில் இறந்தார். தம் பாடல் உலகெங்கும் பரவுவதை இருவரும் காணவில்லை.

பிரிந்த சகோதரரிடம் உள்ள நன்மைகளை மகிழ்வோடு மதிக்குமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் நம்மைக் கேட்டுக்கொண்டது. பெயர் தெரியாத எத்தனையோ பேரின் கண்ணீரே நம் வாயில் செபமாக மலர்கின்றது. ஆகவே தோழியரே, அடுத்த முறை பாடற் புத்தகத்தை மூடுமுன் அடியிலுள்ள அந்தச் சிறிய பெயரையும் படிப்போம். அந்த ஆன்மாவுக்காக ஒரு சிறு செபம் சொல்வோம்.