மஞ்சப்பை தரும் பெட்டி

சென்னைக் கோயம்பேடு சந்தையில் 2022ஆம் ஆண்டு ஓர் இயந்திரம் நிறுவப்பட்டது. பத்து ரூபாய் நாணயம் இட்டால், நெகிழிப்பைக்கு மாற்றாக மஞ்சப்பை ஒன்றைத் தரும். திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவுக்கும் அத்தகைய பெட்டி பயன்படுமே! அட்டையால் ஒன்று செய்து பார்ப்போம்.

நாணயம் விழும் பாதையில், வளையக்கூடிய செப்புத் தகடுகள் இரண்டை 26 மில்லிமீட்டர் இடைவெளியில் எதிரெதிரே பொருத்துக. ஐந்து ரூபாய் நாணயத்தின் விட்டம் அதைவிடக் குறைவே. அஃது இரு தகடுகளையும் ஒருசேரத் தொடாது. பத்து ரூபாய் நாணயமோ 27 மில்லிமீட்டர். இரண்டையும் உரசி மின்சுற்றைக் கணநேரம் இணைக்கும். அதனை உணரும் ஆர்டுயினோ பலகை மோட்டாரை ஒருமுறை சுழற்றும். மோட்டாரில் பொருத்திய சுருள்கம்பி முன்னிருக்கும் பையைத் தள்ளிவிடும்.

பன்னிரு பக்கமுடைய இருபது ரூபாய் நாணயமும் 27 மில்லிமீட்டரே. அதனை இட்டவர் பத்து ரூபாயை இழப்பார். ஆனால், அது சற்றுக் கனமானது. அவ்வேறுபாட்டைப் பெட்டி உணர என்ன செய்வீர்?