இரவு நிழற்படத்தில் மங்கலும் தெளிவும்

நிழற்படக் கருவி உள்ளதை உள்ளவாறே காட்டும் என்பது பலர் கொண்டுள்ள எண்ணம். ஆதலின் படத்தில் ஓரிடம் மங்கியிருப்பின், அதனைக் கைநடுக்கம் என்றோ கருவியின் குறை என்றோ கூறி ஒதுக்கிவிடுகின்றோம். ஒளி மிகுந்த பகற்காலத்துப் படங்களுக்கு இவ்வெண்ணம் ஓரளவு பொருந்தலாம். இரவில் ஒரு தெருவைப் படமெடுக்கப் புகுவார்க்கோ மங்கல் முற்றும் விலக்கக்கூடியதன்று; ஏதேனும் ஒரு வடிவில் அது வந்தே தீரும். வருகின்ற மங்கலைத் தன் கருத்துக்கு ஏவல்கொள்ளுதலே கற்கவேண்டிய கலை. மங்கல் எவ்வாறு உண்டாகின்றது, எங்கே பொருளுடையதாகின்றது, எங்கே பிழையாகின்றது என்பனவற்றைக் காஞ்சிமாநகரின் மேல்பாலமைந்த பிள்ளையார்பாளையத்து நெசவாளர் தெருக்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

1. இருவகை மங்கல்

மங்கல் இருவகைத்து. ஒன்று குவியத்தால் வருவது. மற்றொன்று அசைவால் வருவது.

லென்ஸ் ஒரு வேளையில் ஒரு தொலைவையே செவ்வையாகக் காட்டவல்லது. அத்தொலைவில் உள்ள விளக்கு படத்தில் புள்ளியாக விழும். அதற்கு முன்னோ பின்னோ உள்ள விளக்கு வட்டமாக விரியும். லென்ஸின் துளை அகன்றிருக்குந்தோறும் அவ்வட்டமும் பெரிதாகும். 50 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 2 என்னும் அகன்ற துளையில் வைத்து, 2 மீட்டர் தொலைவில் இருப்பவர்மீது குவியம் அமைத்தோமாயின், அவருக்கு முன்னும் பின்னுமாக ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் ஆழமே தெளிவாக இருக்கும். தெருக்கோடியில் உள்ள விளக்கோ, 36 மில்லிமீட்டர் அகலமுள்ள பிலிமில் அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட ஒளிவட்டமாய் விழும். துளையை எஃப் 8 அளவிற்குச் சுருக்கின், தெளிவின் ஆழம் ஏறக்குறைய 80 சென்டிமீட்டராக வளரும். விளக்கின் வட்டம் விட்டத்தில் நான்கில் ஒரு பங்காகக் குறுகும். ஒன்றைத் தெளிவுறக் காட்டி ஏனையவற்றை இவ்வாறு மங்கவிடுதல் முதல் வகை.

கைப்பேசியின் லென்ஸ் மிகச் சிறிதாதலின், அதில் இம்மங்கல் இயல்பாக மிகுதியும் தோன்றாது. அதன் பொருட்டே, பின்புறத்தைக் கணக்கிட்டு மங்கச்செய்யும் முறையைக் கைப்பேசி செய்வோர் அமைத்துள்ளனர். தலைமயிரின் ஓரத்திலும், தறியில் நீண்டுள்ள நூலிழைகளின் இடையிலும் அக்கணக்குத் தடுமாறக் காணலாம்.

இரண்டாம் வகை, ஷட்டர் திறந்திருக்குங்கால் பொருள் இடம்பெயர்வதால் உண்டாவது. வினாடிக்கு ஒன்றேகால் மீட்டர் நடக்கும் ஒருவர் 5 மீட்டர் தொலைவில் குறுக்கே செல்கின்றார் என்று கொள்வோம். முற்கூறிய லென்ஸில் அவர் உருவம் வினாடிக்குப் பன்னிரண்டரை மில்லிமீட்டர் நகரும். ஷட்டர் 1/125 வினாடி திறந்தால் அந்நகர்ச்சி கண்ணுக்குப் புலனாவது அரிது. 1/4 வினாடி திறந்தால் அவர் 3 மில்லிமீட்டர் இழுபட்டு, நடக்கின்றார் என்பது தோன்றும்படி மங்குவார். 2 வினாடி திறந்தால் படத்தின் பெரும்பகுதியில் நீர்போலப் பரவிவிடுவார். மேலும் நீட்டினால் அவர் இருந்த சுவடே இல்லாமற் போகும்.

2. ஒளியின் வரவுசெலவு

இரவில் ஒளி சிறிதே கிடைக்கின்றது. அச்சிறு வரவைக் கொண்டு இருவகைச் செலவையும் நடத்தவேண்டும். விளக்குகள் ஓரளவு நன்றாக எரியும் தெருவொன்றில், ஐ.எஸ்.ஓ. 100 என்னும் உணர்வளவில், எஃப் 2 துளைக்கு 1/8 வினாடி போதுமாயின், எஃப் 8 துளைக்கு 2 வினாடி வேண்டும். துளை சுருங்கியதால் உட்புகும் ஒளி பதினாறில் ஒரு பங்காகின்றது. காலம் பதினாறு மடங்காகின்றது. இரண்டு படங்களும் ஒளியளவில் ஒன்றே; பொருளளவில் முற்றும் வேறானவை. முன்னதில் ஒருவர் முகம் மட்டும் தெளிந்து தெரு மங்கும். பின்னதில் வீடுகள், திண்ணைகள், மின்கம்பங்கள் பலவும் தெளிவுற, நடமாடுவோர் மட்டும் மங்குவர். எதனைத் தெளிவாக்குவது என்னும் முடிவு கருவியினுடையதன்று, படமெடுப்பவனுடையதே.

3. முன்னோர் கண்டது

1838ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பெருந்தெரு ஒன்றைத் தாகேர் என்பார் தம் வீட்டுப் பலகணியிலிருந்து படமெடுத்தார். வண்டிகளும் மாந்தரும் இயங்கிக்கொண்டிருந்த தெரு அது. அக்காலத் தகட்டிற்குப் பல நிமிடம் ஒளி வேண்டியிருந்தமையின், இயங்கியோர் அனைவரும் மறைந்தனர். காலணிக்கு மெருகிடச் செய்துகொண்டு அசையாது நின்ற ஒருவரின் உருவம் மட்டும் பதிந்தது. அவர்முன் அமர்ந்து தொழில் செய்தவரும் மங்கலாகத் தெரிகின்றார். நிழற்படத்திற் பதிந்த முதல் மாந்தர் இவரே என்பர். பெயர் அறியப்படாத இருவரை நிலைபெறச்செய்தது, அவர்கள் சிறிது நேரம் ஓரிடத்தில் இருந்தமையே.

1815இல் கல்கத்தாவிற் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார், தம் நாற்பத்தெட்டாம் வயதிற் பெற்ற கருவியைக் கொண்டு எடுத்த முகங்கள், கூர்மை குன்றி மென்மையாய் அமைந்தன. அதனைப் பிழையெனப் பலர் இகழ்ந்தும் அவர் அம்முறையைக் கைவிடவில்லை. 1875இல் இலங்கைக்குச் சென்று, ஆங்குள்ள மக்களையும் படமெடுத்து, 1879இல் அந்நாட்டிலேயே மறைந்தார். பீட்டர் ஹென்றி எமர்சன் என்பார் 1889இல் வெளியிட்ட நூலில், மனிதக் கண்ணும் ஒன்றையே கூர்ந்து நோக்கிப் பிறவற்றைக் கூர்மையின்றிக் காண்கின்றதாதலின், படமும் அவ்வாறே அமைதல் இயற்கைக்கு ஒத்தது என வாதிட்டார். இரவைப் பொருளாக்கியவருள் பிராசாய் சிறந்தவர். இரவு நேரத்துப் பாரிஸைக் காட்டும் அவர் நூல் 1930களின் தொடக்கத்தில் வெளிவந்தது. நம் நாட்டில், ரகு ராய் 1995இல் மும்பைச் சர்ச்கேட் இரயில் நிலையத்தில் எடுத்த படம் இக்கலைக்கு நல்ல சான்று. மக்கள் திரள் ஆறுபோல ஓடி மங்க, செய்தித்தாள் படிப்போர் அவ்வெள்ளத்தின் நடுவே தெளிந்து நிற்கின்றனர்.

இச்சான்றுகளுள் தாகேரின் படமும் ரகு ராயின் படமும் அசைவு மங்கலின் இலக்கணத்தைப் புலப்படுத்துகின்றன. ஒன்று நிலைத்து நின்றாலன்றி மற்றொன்றின் ஓட்டம் விளங்குவதில்லை.

4. பாவும் ஊடையும்

இவ்விலக்கணத்தைப் பிள்ளையார்பாளையத்தார்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. தறியிற் பாவு இழுத்துக் கட்டப்பெற்று நிற்கின்றது. ஊடை நாடாவிற் புகுந்து ஓடுகின்றது. பாவு மட்டும் இருந்தால் அது வெறும் நூல். ஊடை மட்டும் இருந்தால் அது சிக்கல். இரண்டும் கூடினாலன்றித் துணி இல்லை. படத்திற்கும் அஃதே. தெளிவு பாவு, மங்கல் ஊடை. முழுதும் தெளிந்த இரவுப் படத்தில் உயிரோட்டம் குறைகின்றது. முழுதும் மங்கிய படத்திலோ கண் பற்றி நிற்க இடமில்லை.

அத்தெருக்களில் இதனை எவ்வாறு செயற்படுத்தலாம்? நான்கு வகை கூறுவேன்.

முதலாவது, திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர். கருவியை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரை 1/4 முதல் 1/2 வினாடி வரை திறந்தால், அமர்ந்தவர் நிலைத்திருப்பார். அவர்முன் செல்வோர் மங்குவர். தெரு விரைந்து செல்ல, ஒருவர் அதனைக் காண்கின்றார் என்பது சொல்லாமலே விளங்கும்.

இரண்டாவது, சன்னல் வழியே தெரியும் தறி. துளையை அகலத் திறந்து, நெசவாளரின் முகத்தில் குவியம் அமைத்தால், முன்னுள்ள இழைகள் மெல்லிய திரைபோல் ஆகும். ஷட்டர் 1/8 வினாடி இருப்பின், நாடா வீசும் கை மங்கும். பழகிய கண் அசையாது நிற்கும். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி ஊடையால் நெய்யப்பெற்று, ஒவ்வொரு வரியிலும் பிணைக்கப்படுகின்றன. அதனை நெய்வார்க்கு உடன் ஒருவர் துணை நிற்றலும் உண்டு. அத்தகைய இடத்தில் இருவர் கைகளும் மங்கி, முகங்கள் தெளிதல் தொழிலின் உண்மையையே காட்டும்.

மூன்றாவது, மிதிவண்டியிற் செல்பவர். ஷட்டரை 1/15 வினாடியில் வைத்து, வண்டி செல்லும் விரைவிலேயே கருவியையும் திருப்புக. வண்டியில் இருப்பவர் ஓரளவு தெளிவார். சுவரும் விளக்கும் கோடுகளாய் ஓடும். பலமுறை முயன்றாலன்றி இது கைவாராது.

நான்காவது, விடியுமுன் தெருவில் நீட்டப்படும் பாவு. வெயில் ஏறுமுன் இழைகளைத் தெருநீளம் விரித்துச் சீர்செய்யும் வேலை நடக்கும்போது, தெருவிளக்கும் கீழ்வானத்தின் முதலொளியும் ஒருங்கு நிற்கும். ஈண்டு 8 வினாடி ஷட்டரைத் திறந்து வைப்பார்க்கு மிக்க அழகுடைய படம் கிடைக்கலாம். நீண்ட பாவு தோன்றும். அதனைச் சீர்செய்தோர் ஒருவரும் தோன்றார். இவ்விடத்தில்தான் நாம் நின்று எண்ணவேண்டும்.

5. எவரை மறைப்பது?

பிள்ளையார்பாளையத்தை அடுத்துள்ள கைலாசநாதர் கோயில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மப் பல்லவன் எடுத்தது. ஏறத்தாழ 1300 ஆண்டு நின்ற கல், எத்துணை நேரம் ஷட்டரைத் திறந்தாலும் தெளிவாகவே பதியும். தெருவில் நடந்து உழைப்பவர் அவ்வாறு பதியார். ஆகவே நீண்ட ஒளியேற்றத்திற்கு ஓர் இயல்பான ஓரவஞ்சம் உண்டு. அசையாதவற்றை அது காக்கின்றது, உழைப்போரை அழிக்கின்றது. அதனை உணராது படமெடுப்பவன், ஊரைக் காட்டி ஊராரை இல்லாதாராக்கிவிடுகின்றான். காஞ்சிபுரப் பட்டிற்குப் புவிசார் குறியீடு 2005-06ஆம் ஆண்டில் வழங்கப்பெற்றது. ஊரின் பெயர் சேலையோடு செல்கின்றது. நெய்தவர் பெயர் பெரும்பாலும் செல்வதில்லை. அவர் உருவத்தையும் நாம் வண்ணப் புகையாக்கிவிடுதல் முறையாகுமா?

இங்ஙனமாயின், முகத்தை மறைத்தல் எப்போதும் தீதோ எனின், அன்று. தொல்காப்பியம் பயில்வார் ஒன்று அறிவர். அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டுதல் ஆகாது என்பது மரபு. பெயர் மறைந்தமையாற் காதலும் பிரிவும் மறைந்தனவல்ல. மாறாக, கேட்போர் ஒவ்வொருவர்க்கும் உரியனவாயின. கடன் கேட்டு நிற்பவர், களைப்பால் உறங்குபவர், படமெடுத்தலை விரும்பாதவர் ஆகியோரின் முகத்தை மங்கவிட்டு, அவர்தம் நிலையை மட்டும் காட்டுதல் அவ்வகத்திணை மரபை ஒத்தது. இது காக்கும் மங்கல்; முற்கூறியது அழிக்கும் மங்கல். இரண்டும் ஷட்டரின் ஒரே செயலால் வருவன. வேறுபாடு எடுப்பவன் உள்ளத்தில் உள்ளது. தெளிவாகக் காட்டக் கருதும் ஒருவரிடம் முன்னரே இசைவு கேட்டலும், எடுத்த படத்தை அவர்க்குக் காட்டுதலும் இக்கலையின் புறத்தே நிற்கும் உபசாரங்கள் அல்ல, அதன் உறுப்புகளே.

ஆதலின், மங்கிய படம் ஒன்றைக் கண்டவழி இரு வினாக்களை எழுப்புக. இம்மங்கலை நீக்கின் படம் இழப்பது யாது? இம்மங்கலால் மறைந்தவர் யார்? முதல் வினாவிற்கு விடை இல்லையேல் அது கைப்பிழை. இரண்டாவதற்கு நாணமின்றி விடை கூற இயலாதேல் அது மனப்பிழை. கைப்பிழையைப் பயிற்சி தீர்க்கும். மனப்பிழை தீர்வதற்கு, பாவின் நுனியைப் பற்றிக்கொண்டு அசையாது நிற்கும் ஒருவர்மேல் குவியத்தை வைத்து, 8 வினாடியை 1/2 வினாடியாகக் குறைத்தல் வேண்டும். படத்தின் அழகு சிறிது குறையினும் குறையலாம். அத்தெருவில் வேலை செய்தவர் அதில் இருப்பார்.