கால் அளவு டைகர் மோத், முழு அளவு வேலை

ஏரோநாட்டிகல் முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: "அனுபவம் இருந்தால்தான் வேலை என்கிறார்கள். வேலை கிடைத்தால்தானே சார் அனுபவம் வரும்?" நியாயமான கேள்வி. என் பதில் பல வருடங்களாக மாறவில்லை. மூன்று நான்கு பேர் சேருங்கள். ஒரு ராணுவ விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். ரேடியோ கட்டுப்பாட்டில் பறக்கும் பெரிய ஸ்கேல் மாடலாக அதைக் கட்டுங்கள். கட்டுகிற அறையை ஒரு சின்ன விமானத் தொழிற்சாலையாக நடத்துங்கள். ஒன்றரை வருடம் கழித்து நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது அனுபவமும் இருக்கும், அதற்கு எழுத்துச் சான்றும் இருக்கும்.

பெரியது என்றால் எவ்வளவு? அமெரிக்காவின் ஐ.எம்.ஏ.ஏ. அமைப்பு ஒற்றை இறக்கை மாடலுக்கு 80 அங்குலம், இரட்டை அடுக்கு இறக்கை மாடலுக்கு 60 அங்குலம் என்று கீழ் எல்லை வைத்திருக்கிறது. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உள்ள அளவு அது. இந்த அளவுக்கு வந்துவிட்டால் பசையும் ரப்பர் பேண்டும் போதாது. போல்ட், லாக் நட், இரட்டை பேட்டரி, எடைக் கணக்கு எல்லாம் கட்டாயமாகிவிடும். வேலைக்கு உதவப்போவது இந்தக் கட்டாயம்தான்.

எந்த விமானம் என்று கேட்டால் எல்லாரும் தேஜஸ், சுகோய் என்கிறார்கள். ஆசையில் தவறில்லை, ஆனால் முதல் பெரிய மாடலுக்கு ஜெட் வேண்டாம். நான் பரிந்துரைப்பது டைகர் மோத். 1931 அக்டோபர் 26 அன்று முதலில் பறந்த பிரிட்டிஷ் பயிற்சி விமானம். இந்திய விமானப்படையின் விமானிகளும் இதில் பறக்கக் கற்றிருக்கிறார்கள். படையின் விண்டேஜ் பிரிவில் பறக்கும் நிலைக்குப் புதுப்பிக்கப்பட்ட ஒரு டைகர் மோத் இருக்கிறது. இறக்கை 8.94 மீட்டர், நான்கில் ஒன்றாகக் கட்டினால் 2.23 மீட்டர். மெதுவாகப் பறக்கும், மரமும் துணியும் போதும், வரைபடங்களும் புகைப்படங்களும் தாராளமாகக் கிடைக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. இதே டைகர் மோத் குடும்பத்தில் 1935-இல் 'குவீன் பீ' என்ற விமானம் வந்தது. தரையிலிருந்து ரேடியோவில் ஓட்டப்பட்ட முழு அளவு விமானம்; விமான எதிர்ப்புப் பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பழகுவதற்கான இலக்கு. 'ட்ரோன்' என்ற சொல் ராணுவ வழக்கில் வந்ததே இந்த ராணித் தேனீயிலிருந்துதான் என்பது பரவலான கருத்து. பெங்களூரில் உள்ள ஏ.டி.இ. ஆய்வகம் உருவாக்கிய 'லக்ஷ்யா'வும் அதே வேலையைச் செய்யும் ஆளில்லா இலக்கு விமானம்தான். நீங்கள் கட்டுவது பழைய விமானம். கற்பது இன்றைய தொழில்.

முதல் வாங்கல் தராசு

மரம் வாங்கும் முன் ஒரு நல்ல டிஜிட்டல் தராசு வாங்குங்கள். அதற்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

நிஜ டைகர் மோத்தின் உச்ச எடை 828 கிலோ. நீளம் நான்கில் ஒன்றானால் பரப்பு பதினாறில் ஒன்றாகும், கன அளவு அறுபத்து நான்கில் ஒன்றாகும். 828-ஐ 64-ஆல் வகுத்தால் 13 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இறக்கைப் பரப்பு 22 சதுர மீட்டர் சொச்சம். பதினாறால் வகுத்தால் சுமார் 1.4 சதுர மீட்டர். ஆக, ஒரு சதுர மீட்டர் இறக்கை தாங்கும் எடை நிஜத்தில் 37 கிலோ, மாடலில் 9 கிலோ. காற்றில் நிற்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் இந்தச் சுமையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதனால் மாடலின் வேகம் நிஜத்தின் பாதிக்கு வரும், கால் பங்குக்கு இறங்காது. பாதி வேகத்தில் கால் அளவு விமானம் பறந்தால் பார்ப்பவர் கண்ணுக்கு இரட்டை வேகமாகத் தெரியும். நிஜம் போல நிதானமாக மிதக்க வேண்டுமானால் எடையைக் குறைத்தே ஆக வேண்டும். இலக்கு 10 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 10 கிலோவைப் பங்கு போடுங்கள்: இறக்கைகளுக்கு இவ்வளவு, உடலுக்கு இவ்வளவு, வாலுக்கு, இன்ஜினுக்கு, சக்கரங்களுக்கு, பேட்டரிக்கு, பெயின்ட்டுக்கு இவ்வளவு. பெயின்ட்டை எல்லாரும் மறப்பார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் மூன்று பத்தி: திட்ட எடை, உண்மை எடை, வித்தியாசம். விமான நிறுவனங்களில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. அங்கே வேலை பார்ப்பவர்கள் செய்வதும் இந்த மூன்று பத்தியின் பெரிய வடிவம்தான்.

பால்சா மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 3 மி.மீ. தடிமன், 10 செ.மீ. அகலம், ஒரு மீட்டர் நீளம். ஒரே கட்டிலிருந்து எடுத்த இரண்டு தகடுகளைத் தராசில் வையுங்கள். ஒன்று 30 கிராம் காட்டும், இன்னொன்று 60 கிராம் காட்டும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நகத்தால் லேசாக அழுத்திப் பாருங்கள். ஒன்று உடனே பள்ளம் வாங்கும், மற்றது எதிர்க்கும். தகடு ஒவ்வொன்றிலும் பென்சிலால் எடையை எழுதி, லேசானதை வாலுக்கு ஒதுக்குங்கள். காரணம் நெம்புகோல் கணக்கு. இந்த அளவு மாடலில் ஈர்ப்பு மையத்திலிருந்து வால் ஏறத்தாழ 130 செ.மீ. பின்னால் இருக்கும், மூக்கில் எடை வைக்கக்கூடிய இடமோ 35 செ.மீ. முன்னால்தான். வாலில் 10 கிராம் கூடினால் அதைச் சரிக்கட்ட மூக்கில் 37 கிராம் ஈயம் வைக்க வேண்டும். வாலில் தாராளமாகப் பூசிய ஒரு கரண்டி எபாக்ஸிக்கு நீங்கள் கொடுக்கும் விலை அது.

நேர்முகத் தேர்வில் பளபளப்பான படங்களைக் காட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் மட்டும் பசை படிந்த ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். ஒரு பக்கத்தில் வால் பகுதி திட்டத்தைவிட 40 கிராம் கூடிவிட்டது என்று எழுதி, எந்தெந்த ரிப்பில் துளையிட்டு எவ்வளவு குறைத்தார் என்று கிராம் கிராமாகக் குறித்திருந்தார். அவரிடம் வேறு கேள்வி கேட்கத் தேவைப்படவில்லை.

ஏன் என்று கேளுங்கள்

டைகர் மோத்தின் இறக்கைகள் லேசாகப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். மெதுவாகப் பறக்கும் விமானத்துக்கு எதற்கு இந்தச் சாய்வு? முந்தைய மோத் விமானங்களில் மேல் இறக்கையும் அதைத் தாங்கும் கம்பிகளும் முன் இருக்கையைச் சுற்றி இருந்தன. பாராசூட்டுடன் அங்கிருந்து அவசரமாக வெளியேறுவது கஷ்டம். அதனால் மேல் இறக்கையை முன்னே நகர்த்தினார்கள். நகர்த்தியதும் தூக்கு விசையின் இடம் மாறிவிட்டது. அதை மீட்க இறக்கைகளைப் பின்னே சாய்த்தார்கள். ஒரு தேவை, அதனால் வந்த ஒரு சிக்கல், அதற்கு ஒரு தீர்வு. வடிவமைப்பு வேலை முழுக்க இப்படித்தான் ஓடும். வரைபடத்தைக் கோடு கோடாக நகலெடுப்பவருக்கு இது கிடைக்காது. ஒவ்வொரு கோட்டையும் 'ஏன்' என்று கேட்பவருக்குக் கிடைக்கும்.

ஸ்கேல் மாடலில் ஒரு குறிப்பிட்ட விமானத்தை, ஒரு குறிப்பிட்ட காலத்து நிறத்தோடும் எண்ணோடும் தேர்ந்தெடுங்கள். பொதுவாக 'டைகர் மோத்' என்று கட்டாதீர்கள். போட்டிகளில் நடுவர்கள் தரையில் வைத்து மதிப்பெண் போடும்போது உங்கள் மாடலை நீங்கள் கொடுத்த படங்களோடும் வரைபடங்களோடும்தான் ஒப்பிடுவார்கள். ஆதாரம் இல்லாத ரிவெட்டுக்கு மதிப்பெண் இல்லை. தொழிற்சாலையிலும் அப்படியே: எந்த வரைபடம், எத்தனையாவது திருத்தம் என்று சொல்ல முடியாத பாகம் விமானத்தில் ஏறாது.

இரண்டாவது ஜோடிக் கண்

பெரிய மாடலில் என் முதல் இழப்பை இங்கே சொல்ல வேண்டும். எட்டு மாத உழைப்பு. பறக்கும் முன் ஸ்டிக்கை அசைத்தோம், ஏலரான்கள் அசைந்தன, திருப்தி. எந்தப் பக்கம் அசைந்தன என்று பார்க்கவில்லை. டிரான்ஸ்மிட்டரில் வேறொரு மாடலின் அமைப்பு தேர்வாகியிருந்தது. ஏலரான் திசை தலைகீழ். மேலெழுந்ததும் இடது பக்கம் சாய்ந்தது. நிமிர்த்த வலது கொடுத்தோம், இன்னும் இடது சாய்ந்தது. புல்வெளியில் போய் விழுந்தது. ஆட்கள் இல்லாத பக்கம் விழுந்ததற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

விமானப் பராமரிப்பில் இதற்கு ஒரு பழைய விதி இருக்கிறது. கட்டுப்பாட்டு அமைப்பைத் தொட்டால், தொட்டவர் ஒருமுறையும் தொடாத இன்னொருவர் தனியாக ஒருமுறையும் சோதித்து, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் குழுவிலும் ஒருவரைத் தரச் சோதனைக்கு மட்டும் வையுங்கள். அவர் கட்டாத பாகத்தைத்தான் அவர் சோதிக்க வேண்டும். நண்பன் வேலையில் குறை சொல்வதற்குக் கூச்சம் வரும். இந்தக் கூச்சத்தைக் கல்லூரியிலேயே கடந்துவிட்டால் வேலையில் முதல் வருடம் எவ்வளவோ சுலபம்.

போல்ட்டைக் கண்ணளவில் எடுக்காதீர்கள். 1990 ஜூன் 10 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தில் காக்பிட் கண்ணாடி ஒன்று நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டு, ஊழியர்கள் காலைப் பிடித்துக்கொண்டு தரையிறங்கும்வரை காப்பாற்றினார்கள். புதிதாக மாட்டிய கண்ணாடியின் 90 போல்ட்டுகளில் 84 விட்டத்தில் சிறியவை. பழைய போல்ட்டோடு வைத்துப் பார்த்து, ஒத்துப்போகிறது என்று இரவு வேலையில் எடுத்தவை. உங்கள் அறையில் எம்3-க்கு ஒரு டப்பா, எம்4-க்கு ஒரு டப்பா, மேலே சீட்டு. இறுக்கிய போல்ட் தலையிலிருந்து பக்கத்துத் தகடு வரை பெயின்ட்டால் ஒரு கோடு. கோடு உடைந்திருந்தால் போல்ட் சுழன்றிருக்கிறது. மாலையில் அறையை மூடும் முன் கருவிகளை எண்ணுங்கள். ஒரு ஸ்குரூடிரைவர் குறைந்தால் அது விமானத்துக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தேடுங்கள்.

மோட்டாரோ பெட்ரோல் இன்ஜினோ, மேசையில் வயரிங் வேலை நடக்கும்போது ப்ரொபெல்லர் கழற்றப்பட்டிருக்க வேண்டும். இதில் விதிவிலக்கு கிடையாது.

பறக்கும் நாள்

2021-இன் ட்ரோன் விதிகளில், 25 கிலோவுக்கு மேற்படாமல், படிப்பு, ஆராய்ச்சி, சோதனை, பொழுதுபோக்குக்காகக் கண்பார்வைக்குள் பறப்பவை 'மாடல்' என்று தனியாக வரையறுக்கப்பட்டிருக்கின்றன. ஆனாலும் இடத்துக்கான கட்டுப்பாடு உங்களுக்கும் உண்டு. டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் உங்கள் மைதானம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று முதலில் பாருங்கள். விதிகள் திருத்தப்படுபவை, பறக்கும் முன் அன்றைய நிலையைப் படியுங்கள்.

முதல் பறப்பை, கட்டியவர் ஓட்ட வேண்டாம். பெரிய மாடல் ஓட்டிப் பழகிய ஒருவரிடம் கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று குறிப்பு எடுங்கள்: ரேஞ்ச் சோதனை முடிவு, பேட்டரி அளவு, காற்று, ஃபெயில்சேஃப் வேலை செய்ததா, எத்தனை நிமிடம் பறந்தது, விமானி என்ன சொன்னார். சோதனை விமானி ஓட்ட, பொறியாளர் குறிப்பெடுப்பதுதான் தொழிலின் நடைமுறை.

நோட்டு எங்கே கொண்டுபோகும்

சிறு அளவு மாடல் பறக்கவிடுவதே சம்பளம் தரும் வேலையாகவும் இருக்கிறது. போயிங்கும் நாசாவும் 2007-இல் பறக்கவிட்ட எக்ஸ்-48பி, 8.5 சதவீத அளவில் கட்டிய ஆளில்லா மாடல். இறக்கை 6 மீட்டருக்குச் சற்று மேல், எடை ஏறத்தாழ 227 கிலோ. கட்டிக் கொடுத்தது பிரிட்டனின் கிரான்ஃபீல்டு ஏரோஸ்பேஸ். மனித சக்தியால் பறக்கும் விமானத்துக்கான கிரெமர் பரிசை 1977-இல் வென்ற பால் மெக்ரெடி, பள்ளிப் பருவத்தில் மாடல் விமானப் போட்டிகளில் வென்றவர்.

நம் பக்கம் பாருங்கள். பெங்களூரில் எச்.ஏ.எல்., ஏ.டி.இ., என்.ஏ.எல். இருக்கின்றன, என்.ஏ.எல்.-இன் காற்றுச் சுரங்கத்துக்குத் துல்லியமான மாடல்கள் தேவை. தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து மையங்கள். காம்போசிட் பாகம் செய்பவர், தர ஆய்வாளர், ட்ரோன் ஒருங்கிணைப்புப் பொறியாளர், பறப்புச் சோதனை உதவியாளர்: இந்த வேலைகளுக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் நோட்டிலிருந்து எடுத்துக்காட்ட நிறைய இருக்கும். ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்களுக்கும் இது பொருந்தும். கைவேலையில் அவர்கள்தான் பல குழுக்களில் முன்னால் நிற்கிறார்கள். ட்ரோன் ஓட்டுநராக விரும்புபவருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 வயதும் இருந்தால், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் சேர்ந்து ரிமோட் பைலட் சான்றிதழ் பெறலாம்.

பயோடேட்டாவில் 'ஆர்.சி. விமானம் கட்டுவது' என்று பொழுதுபோக்குப் பகுதியில் ஒரு வரி எழுதாதீர்கள். 'புராஜெக்ட்' பகுதியில் எழுதுங்கள்: கால் அளவு டைகர் மோத், நான்கு பேர் குழு, உங்கள் பொறுப்பு எது, இலக்கு எடை, வந்த எடை, எத்தனை பறப்பு. கூடவே மூன்று தாள்கள்: எடைக் கணக்கில் ஒரு பக்கம், கையெழுத்திட்ட சோதனைப் பட்டியல் ஒன்று, தவறிப்போன ஒரு பாகமும் அதை எப்படித் திருத்தினீர்கள் என்பதும். உடைந்த ரிப் இருந்தால் பையில் எடுத்துப் போங்கள். மேசையில் வைத்துப் பேசுங்கள். எங்கே உடைந்தது, மரத்தின் இழை எந்தப் பக்கம் ஓடியது, அடுத்ததில் என்ன மாற்றினீர்கள் என்று நீங்கள் சொல்லச் சொல்ல, எதிரே இருப்பவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பார்.

இந்த வாரமே ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் விமானத்தின் பெயர், அளவு, இலக்கு எடை, குழுவினர் பெயர், யார் யார் வேலையை யார் சோதிப்பது என்று எழுதித் தேதி போடுங்கள். மரம் அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.