மீனுக்கும் நமக்கும் ஒரே தண்ணீரா?

நம்ம அம்பத்தூர், ஆவடி பக்கம் பல வீடுகளில் கொளத்தூரில் வாங்கிய வண்ணமீன்கள் இருக்கின்றன. "ஒரு ஆர்.ஓ. மெஷின் வாங்கினா மீனுக்கும் ஆச்சு, நமக்கும் ஆச்சு" என்று எங்க வீட்டில் தவணைக்குப் பேச்சு நடக்கிறது. அது சரியா என்று பார்த்தேன்.

மீனுக்கு: குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்ல குளோரின் கலக்கிறார்கள். அது நம்மை நோயிலிருந்து காக்கும். ஆனால் மீனின் செவுளைக் கெடுக்கும். அகன்ற வாளியில் ஒரு நாள் முழுக்க திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். செலவே இல்லை! ஆர்.ஓ. தண்ணீரில் மீனுக்கு வேண்டிய உப்புகளும் குறைந்துவிடும். அதனால் அதை மட்டும் ஊற்றக் கூடாது. ஒரு தடவைக்குத் தொட்டியில் கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும்.

நமக்கு: ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தர அளவின்படி, குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். அதற்குள் இருந்தால் உப்புக்காக ஆர்.ஓ. தேவையில்லை. வடிகட்டிக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் கொதிக்க வைத்தால் உப்பு போகாது. போர் தண்ணீர் ரொம்ப உப்பாக இருந்து, வேறு தண்ணீரும் கிடைக்காத வீட்டுக்குத்தான் ஆர்.ஓ. வேண்டும். அது வெளியே விடும் தண்ணீரை வீடு துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

கவனம்! கடைக்காரர் கொண்டுவரும் மீட்டர் உப்பை மட்டும்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம்.

முதலில் தண்ணீரைச் சோதிப்போம். பிறகு மெஷினைப் பார்ப்போம்!