பழைய வீட்டைப் புதுப்பித்தல்: முதற் பணம் எங்கே செல்லவேண்டும்?

ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்கான பாடம்

கிராமவாசிகளில் பலருக்குச் சொந்த வீடு என்பது ஆயுளில் ஒரே முறை கைகூடும் காரியம். புதிதாகக் கட்டுவதற்குப் பொருள் போதாதவர்கள் பழைய ஓட்டு வீடு ஒன்றைக் கிரயத்திற்கு வாங்கி, அதைச் செப்பனிட்டுக் குடிபோக விரும்புகின்றனர். இது விவேகமான எண்ணமே. ஆனால் பழைய வீட்டில் செலவாகும் பணம் எவ்வளவு என்பதைவிட, அது எந்த வரிசையில் செலவாகிறது என்பதே முக்கியம். அவ்வரிசையை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். கணவனும் மனைவியும் பத்து வருஷம் சேமித்த பணத்துடன் கொஞ்சம் கடனும் பெற்று, ஆவணி மாதத்தில் ஒரு பழைய வீட்டை வாங்குகின்றனர். தீபாவளிக்குள் வீடு பளிச்சென்று இருக்கவேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஆகவே சுவர்களுக்குச் சிமெண்டுப் பூச்சும் வர்ணமும், கூடத்திற்குப் புதிய தளவரிசையும் போடுகின்றனர். ஐப்பசி மழை பிடிக்கிறது. கூரையின் ஒழுக்கு வர்ணத்தைக் கறையாக்குகிறது. சுவரின் அடியில் ஈரம் ஏறிப் பூச்சு பொருமி உதிர்கிறது. கார்த்திகைக்குள் அழகு போயிற்று. கடன் தவணை மட்டும் மாதந்தோறும் நிற்கிறது. இவர்கள் சோம்பேறிகளும் அல்லர், ஊதாரிகளும் அல்லர். கடைசியில் செய்யவேண்டியதை முதலில் செய்ததே இவர்கள் செய்த பிழை.

1. முதலில் பத்திரம், பிறகு பாரை

பாரையையும் மண்வெட்டியையும் எடுக்குமுன் பத்திரங்களைப் பார்க்கவேண்டும். வில்லங்கச் சான்றைப் பெற்று, பட்டா விற்றவர் பெயரிலிருந்து தம் பெயருக்கு மாறியதா என்று உறுதி செய்துகொள்க. அண்டை வீட்டுக்கும் தம் வீட்டுக்கும் பொதுவான சுவர் இருப்பின், அதைத் தொடுமுன் அண்டை வீட்டாருடன் பேசி எழுதி வைத்துக்கொள்வது நலம். எல்லைத் தகராறு உள்ள சுவரில் இட்ட காரை நீதிமன்றத்தில்தான் உலரும்.

2. வீட்டின் முதற் சத்துரு ஜலம்

பழைய வீட்டைக் கெடுப்பவற்றுள் தலையாயது ஜலமே. மரம் உளுத்துப்போவதும், கறையான் ஏறுவதும், உவர் பூப்பதும், சுவர் சரிவதும் பெரும்பாலும் ஈரத்தின் விளைவுகளே. ஆகவே முதற் பணம் கூரைக்கும் வடிகாலுக்கும் செல்லவேண்டும்.

மழை பெய்யும்போது வீட்டினுள் நின்று மேலே பார்ப்பதே சிறந்த பரீட்சை. ஒழுகும் இடங்களைச் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் குறித்து வைக்க. ஆனால் ஜலம் சொட்டும் இடத்திற்கு நேர் மேலே பழுது இருக்கும் என்று எண்ணலாகாது. அது கைமரத்தின் வழியே சில அடி ஓடிவந்தும் சொட்டும். இரு கூரைகள் சேரும் கூடல்வாயையும், முகட்டு ஓடுகளையும், கூரை சுவரைத் தொடும் இடத்தையும் முதலில் ஆராய்க.

நாட்டு ஓடுகளாயின், கோடையில் பிரித்து, உடைந்தவற்றை நீக்கி, சருகையும் மண்ணையும் தட்டி மறுபடி அடுக்குவதே போதுமான மராமத்து. மங்களூர் ஓடுகளாயின் உடைந்ததை மட்டும் மாற்றலாம். 1865-ம் வருஷம் மங்களூரில் பாஸல் மிஷனார் தொடங்கிய ஓட்டுச் சாலையிலிருந்து பரவிய இவ்வகை ஓடு, ஒன்றோடொன்று கொக்கிபோல் பொருந்துவது. அளவு சாலைக்குச் சாலை சற்று வேறுபடுமாதலால், பழைய ஓடு ஒன்றைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்கவேண்டும். ஓட்டைப் பிரித்திருக்கும் சமயத்திலேயே கைமரங்களையும் ரீப்பர்களையும் ஆணியால் குத்திப் பார்க்க. ஆணி எளிதில் இறங்கினால் அந்த மரத்தை மாற்றுவதே மேல்.

மரச்சட்டங்களின்மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் வைத்துச் சுண்ணாம்புக் காரையால் இறுக்கிய மெத்தைத் தளமாயின், அதன்மேல் கனமான சிமெண்டுத் தளம் ஒன்றை ஏற்றுவது தவறு. சட்டங்கள் தாங்கும் பாரம் அளவுடையது. பழைய தளத்தின் வெடிப்புகளைச் சுரண்டிச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்து, ஜலம் தேங்காமல் வாட்டம் திருத்துவதே முறை.

அடுத்தது சுவரடி. இறவாரத்திலிருந்து விழும் ஜலம் சுவரோரம் தேங்கக்கூடாது. தெருவில் பலமுறை மண் கொட்டியதால் பழைய வீடுகள் தெருமட்டத்திற்குத் தாழ்ந்திருப்பதுண்டு. அத்தகைய இடத்தில் சுவரைச் சுற்றியுள்ள மண்ணை வெட்டித் தாழ்த்தி, வெளிப்புறம் சரிவாக்கி, வாய்க்கால் அமைக்கவேண்டும். ஆனால் அஸ்திவாரத்தின் அடிமட்டத்திற்குக் கீழே தோண்டலாகாது. குளியலறை ஜலத்தைத் தோட்டத்து வாழைக்கும் தென்னைக்கும் திருப்பிவிடுக.

3. மூச்சு விடும் சுவர்

பழைய சுவர்கள் பெரும்பாலும் மண்ணாலோ, மண் சாந்திலோ சுண்ணாம்புச் சாந்திலோ கட்டிய செங்கல்லாலோ ஆனவை. இவை சிறிது ஈரத்தை உறிஞ்சி, வெயிலில் வெளிவிட்டுவிடும் இயல்புடையவை. இவற்றின்மேல் கெட்டியான சிமெண்டுப் பூச்சைப் போர்த்தினால் ஈரம் வெளிவர வழியின்றி உள்ளேயே தங்கும். அத்துடன் வரும் உப்பு பூச்சின் பின்னால் படிந்து அதைப் பெயர்த்துத் தள்ளும். மேலே உறுதியாகத் தோன்றும் சுவர் உள்ளே இளகிக்கொண்டிருக்கும்.

ஆகவே சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பும், மண் சுவருக்கு வைக்கோல் கலந்து புளிக்கவைத்த மண்ணும், மேலே சுண்ணாம்பு வெள்ளையும் ஏற்றவை. சுண்ணாம்பின் குணம் அறிந்துகொள்ளத் தக்கது. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு வெளியேறும். மிஞ்சியதில் ஜலம் விட்டால் கொதித்து நீறும். பூசியபின், காற்றிலிருந்து அதே வாயுவைச் சிறிது சிறிதாகத் திரும்பப் பெற்று மறுபடியும் கல்லாகிறது. இதற்குக் காலம் வேண்டும். ஆகையால் மெல்லிய பூச்சாகப் பூசி, முதல் சில நாட்கள் ஈரம் காயாமல் பாதுகாக்கவேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்ப்பது நம் கொத்தனார்களின் பழைய வழக்கம். சுண்ணாம்பு நீற்றும் இடத்திற்குக் குழந்தைகளை விடலாகாது. அது கண்ணில் பட்டால் உடனே நிறைய நல்ல ஜலத்தால் நெடுநேரம் கழுவி, வைத்தியரிடம் செல்லவேண்டும்.

4. வெடிப்பைச் சோதித்தல்

எல்லா வெடிப்பும் ஆபத்தல்ல. எல்லாம் அற்பமும் அல்ல. வெடிப்பின் குறுக்கே உள்ளங்கையளவு காரை பூசி, அதில் தேதியைக் கீறி வைக்க. ஒரு மழைக்காலம் கழிந்தும் அக்காரை பிளக்காதிருந்தால், அவ்வெடிப்பு பழையது, அடைத்துவிடலாம். பிளந்தால் சுவர் இன்னும் அசைகிறது என்று பொருள். அப்போது பூசி மறைப்பதை விட்டு, தேர்ந்த பொறியாளரை அழைத்துக் காட்டவேண்டும். சுவர் வெளியே தள்ளியோ சாய்ந்தோ இருந்தால் மழைக்காலம் கழியும்வரை காத்திருக்கலாகாது. அன்றே அதன் பக்கத்தில் படுப்பதை நிறுத்தவேண்டும்.

இது மிகைப்பட்ட எச்சரிக்கை அன்று. 2019-ம் வருஷம் டிசம்பர் மாதம் 2-ந் தேதி மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், கனமழையில் ஒரு மதிற்சுவர் வீடுகளின்மேல் சரிந்து 17 பேர் மாண்டனர். ஜலத்தில் ஊறிய சுவர் முன்னறிவிப்புக் கொடுத்துத்தான் விழும் என்று நம்பியிருக்க முடியாது.

5. கண்ணுக்குத் தெரியாத அபாயங்கள்

கறையான்: சுவரில் ஏறும் மண் கோடுகளே அதன் அடையாளம். கோட்டைத் துடைத்துவிட்டால் போதாது. அது எந்த ஈரத்திலிருந்து வருகிறது என்று தேடி, அந்த ஈரத்தை நிறுத்தவேண்டும். விஷ மருந்து இடுவதாயின் பழகியவரைக் கொண்டே, கிணற்றுக்கு எட்டாதவாறு செய்விக்க.

மின்சாரம்: பழைய கம்பிகளை நம்பி மோட்டாரும் கிரைண்டரும் ஓட்டலாகாது. நில இணைப்புச் சரியாயிருத்தல் அவசியம். 30 மில்லி ஆம்பியர் அளவு மின்சாரம் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவியை அமைப்பது உயிர்காக்கும் செலவு. ஈரச் சுவருள்ள வீட்டிற்கு இது இருமடங்கு அவசியம்.

பழைய வர்ணம்: கதவு ஜன்னல்களின் பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கலாம். அதன் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். உலர்ந்த நிலையில் தேய்க்காமல் நனைத்துச் சுரண்டி, தூளை ஈரத்துணியால் எடுத்துவிடுக. இந்தியாவில் 2016-ம் வருஷத்து விதிகள் வீட்டு வர்ணத்தில் ஈயத்தைப் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்காகக் கட்டுப்படுத்துகின்றன. புது வர்ணம் வாங்கும்போது டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குக. ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருப்பின் அதை அறுக்கவோ உடைக்கவோ கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும்.

6. கழிப்பிடம்

பழைய வீடுகள் பலவற்றில் கழிப்பிடம் இல்லை. நிலத்தடி நீர் ஆழத்திலுள்ள ஊர்களில் இரட்டைக் குழி முறை எளிது. ஒரு குழி நிரம்பியதும் மற்றதற்கு மாற்றிவிட்டு, நிரம்பியதை ஒரு வருஷத்திற்குக் குறையாமல் மூடி வைத்தால் அதிலுள்ளது மக்கி எருவாகும். குடிநீர்க் கிணற்றுக்கும் குழிக்கும் 15 மீட்டர் தூரமாவது விடுக. மனிதரை மலக்குழியில் இறக்கிச் சுத்தம் செய்விப்பது 2013-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிடினும் அது பாவமே.

7. பணத்தைப் பங்கிடுதல்

கையில் 3,00,000 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் 50,000 ரூபாயை எடுத்துத் தனியே வைத்துவிடுக. பழைய வீட்டில் பிரித்த பிறகே தெரியும் பழுதுகள் உண்டு. மீதி 2,50,000 ரூபாயில் கூரைக்கு 90,000, வடிகாலுக்கும் சுவரடிக்கும் 40,000, சுவருக்கு 50,000, மின்சாரத்திற்கு 35,000, கழிப்பிடத்திற்கு 35,000 என்று ஒதுக்கலாம். இது விலைப்பட்டியல் அன்று; வீட்டுக்கு வீடு மாறும். கவனிக்கவேண்டியது யாதெனில், இக்கணக்கில் வர்ணத்திற்கும் அலங்காரத்திற்கும் இடமே இல்லை. ஒரு மழைக்காலம் சென்று, ஒதுக்கிய 50,000 மிஞ்சினால் அது அவற்றிற்குச் செல்லட்டும்.

8. சங்கம் செய்யக்கூடியது

வீடு திருத்தக் கடன் கொடுக்கும் சங்கம் முழுத் தொகையையும் ஒரே தடவையில் கொடாமல், கூரை முடிந்தபின் ஒரு தவணை, வடிகால் முடிந்தபின் ஒரு தவணை என்று கொடுத்தால், கடன் வாங்கியவரும் வழி தவறார். சங்கப் பணமும் மழையில் கரையாது. நான்கைந்து அங்கத்தினர் சேர்ந்து சுண்ணாம்பையும் ஓட்டையும் மொத்தமாக வாங்கினால் வண்டிக்கூலி குறையும். சுண்ணாம்பு வேலை தெரிந்த முதிய கொத்தனார் ஊரில் இருப்பின், அவரிடம் இளைஞர் இருவரைப் பயிலச் செய்வது சங்கத்திற்கு அழகு.

முதலில் கூறிய குடும்பம் இம்முறையைப் பின்பற்றியிருந்தால், தீபாவளியன்று அவர்கள் வீடு அழகாக இராது. சுவர் பழைய சுவராகவே நின்றிருக்கும். ஆனால் ஐப்பசி இரவில் மழை கொட்டும்போது குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மூலைக்கு மூலை பாயை மாற்றவேண்டியிராது. வீடு வாங்கியதன் பயன் அதுவே.

கூட்டத்தில் ஆலோசிக்கவேண்டிய வினாக்கள்

1. நம் ஊரில் மழைக்குமுன் உடனே கவனிக்கவேண்டிய சுவர்கள் எவை?
2. உங்கள் வீட்டுச் சுவர் எதனால் கட்டப்பட்டது? அதன்மேல் இப்போதுள்ள பூச்சு எது?
3. உங்கள் இறவாரத்து ஜலம் எங்கே போய்ச் சேருகிறது?
4. வீட்டுக் கடனைத் தவணைகளாகக் கொடுக்க நம் சங்கம் என்ன ஏற்பாடு செய்யலாம்?